மூணாற்று மழையிலிருந்து காங்கேயத்துக் காற்றுக்கு

உடுமலை - மூணாறு சாலை என்றாலே நம் ஆட்களுக்கு அது மூணாறுக்குப் போகும் வழி மட்டும்தான். விடியற்காலையில் உடுமலையில் ஒரு காபி, சின்னாறு செக்போஸ்டில் கொஞ்ச நேரம், மறையூரில் ஒரு சாயா, எப்போது மேலே போய்ச் சேருவோம் என்ற பரபரப்பு. நான் சொல்கிறேன், இந்தச் சாலையைத் தலைகீழாகப் பிடியுங்கள். மூணாறில் ராத்தங்கிவிட்டு, அதுவும் ஆடி மாதத்தில், காலையில் இறங்க ஆரம்பியுங்கள். உடுமலை வந்ததும் பயணம் முடிந்தது என்று நினைக்காமல் பூளவாடி, குண்டடம், ஊதியூர் என்று காற்றோடு ஓட்டிக்கொண்டே போய்க் காங்கேயத்தில் நிறுத்துங்கள். மொத்தமே 150 கிலோமீட்டர் பக்கம்தான் வரும். தேயிலை, சந்தனக்காடு, கரும்பு, முள்காடு, முதலை கிடக்கும் அணை, தென்னந்தோப்பு, காத்தாடிக் காடு, கொறங்காடு, எல்லாம் ஒரே பகலில்! தென்னாட்டில் இதற்கு ஈடான ஒரு நாள் பயணம் இருந்தால் யாராவது சொல்லுங்கள், நாளைக்கே கிளம்புகிறேன்.

ஆடியில் மூணாறா, மழை பிய்த்து உதறுமே என்பீர்கள். அந்த மழைக்காகத்தான் போகச் சொல்கிறேன். மழையில் கிளம்பினால்தான் இந்தச் சாலை செய்யும் மாயம் முழுசாகத் தெரியும்.

நாங்கள் கிளம்பிய காலையில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உருட்டினார். பெரியவாரை, கன்னிமலை, நயமக்காடு என்று எஸ்டேட் பெயர்ப் பலகைகள் மழைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து போயின. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பெண்கள் கொழுந்து வெட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்த பேச்செல்லாம் தமிழ். இந்த மலையைத் தேயிலையாக்கியதே திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பங்கள்தான். கோடையில் வெறும் கறுப்புப் பாறையாக நிற்கும் சரிவெல்லாம் இப்போது அருவி. எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தால் அடுத்த வளைவில் இன்னும் நாலு!

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் பேருந்து ஏறும் இடத்தைத் தாண்டியதும், சாலையோரச் சரிவில் ஒரு வரையாடு நின்றது. கைக்கெட்டும் தூரம் என்றே சொல்லலாம். பின்னோக்கி வளைந்த கொம்பில் நீர் வழிகிறது, முதுகு மயிர் நனைந்து கற்றை கற்றையாக ஒட்டிக்கிடக்கிறது, தாடை மட்டும் ஓயாமல் அரைக்கிறது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இன்றைக்கு அது இவ்வளவு நெருக்கத்தில் நின்று மேய்கிறதென்றால், 1975-ல் இந்தப் புல்மலையைச் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கிக் காத்த புண்ணியம். மேலே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி இருக்கிறது. அன்றைக்கு முகிலுக்குள் முழுசாக ஒளிந்துகொண்டது. இதே மலைகளில்தான் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும். 2018-ல் பூத்தது; இனி 2030. அதற்கும் வருவேன்.

இந்த மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 ஆகஸ்டில் இங்கிருந்து உள்ளே இருக்கும் பெட்டிமுடியில் ராத்திரியோடு ராத்திரியாக மலை சரிந்து தொழிலாளர் லயன் வீடுகளை மூடிவிட்டது. எழுபது பேர். எல்லாம் நம் தமிழ்க் குடும்பங்கள். பெட்டிமுடிக்குப் பிரியும் ராஜமலை விலக்கில் வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனோம்.

வாகவரை, தலையாறு எஸ்டேட்டுகள் வரைக்கும் வைப்பர் நிற்கவே இல்லை. லக்கம் அருவி சாலைக்கு வெகு பக்கத்தில் இரைகிறது; இறங்கி நின்றால் சாரலே ஆளைக் குளிப்பாட்டிவிடும். அதற்குப் பிறகு சில வளைவுகள்தான். மழை மெலிந்தது. தூறலானது. நின்றது. தேயிலைக்கு நடுவே வெயில்! மச்சான் வைப்பரை நிறுத்திவிட்டு, "மாப்ள, கண்ணாடிய எறக்கு" என்றார். காய்ந்த மண்ணின் சூடு முகத்தில் பட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் தண்ணீரையெல்லாம் ஆனைமலையின் மேற்குச் சரிவில் ஏறும்போதே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஏறி முடித்து இந்தப் பக்கம் இறங்கும்போது கையில் ஒன்றும் இல்லை. இறங்க இறங்கச் சூடாகி, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. பள்ளிக்கூடத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்து மார்க் வாங்கிய விஷயம்தான். அதைத் தோலில் உணர்வதற்கு இந்தச் சாலையில் வரவேண்டும்.

மறையூர் சந்தன ஊர். சாலையின் இரண்டு பக்கமும் கம்பிவேலி. வேலிக்குள் சந்தன மரங்கள். கேரளத்தில் சந்தனம் தானாக வளரும் பெரிய காடு இதுதான். ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு உண்டு, ராப்பகலாகக் காவல் உண்டு. முதல்முறை பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்: வேப்பமரம் அளவுக்குக்கூட எடுப்பாக இருக்காது. கிட்டே போய் முகர்ந்தாலும் வாசனை வராது. மணமெல்லாம் உள்ளே வைரத்தில் இருக்கிறது. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் கோர்த்து அதனிடமிருந்து உறிஞ்சித்தான் இது வளர்கிறது. அப்படியொரு மரத்துக்குள் அப்படியொரு வாசம்! ஊரைச் சுற்றிப் பாறைத் திட்டுகளில் முனியறைகள் இருக்கின்றன, கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்காலத்து ஈமக்கூடுகள். நேரம் இருந்தால் ஏறிப் பாருங்கள்.

எங்களுக்கு நேரமெல்லாம் வெல்லக் கொட்டகையில் போய்விட்டது, அதற்காக ஒரு துளியும் வருத்தமில்லை. மறையூர்ப் பள்ளத்தில் கரும்பு, கரும்பு, கரும்புதான். ஓலை வேய்ந்த கொட்டகையில் ஒரு பக்கம் சாறு பிழிகிறார்கள். பிழிந்து காய்ந்த சக்கையையே அடுப்பில் தள்ளுகிறார்கள். பெரிய கொப்பரையில் சாறு பொங்கிப் பொங்கி அடங்க, ஒருவர் நீளமான துடுப்பால் அழுக்கு நுரையை ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார். பச்சைச் சாறு மஞ்சளாகி, தேன் நிறமாகி, கடைசியில் கறுத்த செம்பழுப்பு. பதம் பார்க்க அவர் எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை. துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "ஆச்சு" என்றார். உடனே நாலு பேர் சேர்ந்து கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றினார்கள். ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். கை பொறுக்கிற சூட்டில் அள்ளி, இரண்டு கையாலும் ஒரு அழுத்து, ஒரு திருப்பு, உருண்டை. ஒவ்வொரு உருண்டையிலும் உருட்டியவரின் விரல் தடம் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. 2019-ல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த விரல் தடத்தைப் பார்த்து வாங்குங்கள். சூடாக ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டேன். இனிப்பு கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது புகையும் ஒரு மெல்லிய கார்ப்பும். இவ்வளவு நாள் கடையில் வாங்கித் தின்றதெல்லாம் வெல்லமே இல்லை என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறையூர் தாண்டிக் கரிமுட்டி வந்தால் காடே வேறு. சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் 90 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் கேரளத்தில் இப்படி ஒரு வறண்ட முள்காட்டை வேறெங்கே தேடுவது? வருடத்துக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் மழைதான். காலையில் நாங்கள் விட்டுவந்த இடத்தில் அதைப்போலப் பல மடங்கு பெய்யும். இடையில் இருப்பது சில பத்து கிலோமீட்டர்! கள்ளி, உடைமரம், சிவந்த பாறை, அதற்குள் நட்சத்திர ஆமை. ஆற்றோரம் மட்டும் வெள்ளைத் தண்டு நீர்மருதுகள் பச்சையாக நிற்கும். அந்த மரங்களில்தான் சாம்பல் நிற மலை அணில் வீடு கட்டுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்கக் கிடைக்கும் அதே அரிய அணில். இங்கே வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஜன்னல் வழியாக எதையும் எறியாதீர்கள். யானை எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. சின்னாறு பாலம் தாண்டியதும் தமிழ்நாடு, ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஒன்பதாறு செக்போஸ்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் சமவெளி.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அந்தப் பாம்பாறுதான் இந்தச் சாலைக்குத் துணையாக மலையிலிருந்து இறங்கிவந்து, சின்னாற்றையும் சேர்த்துக்கொண்டு அமராவதி ஆகிறது. சங்ககாலத்து ஆன்பொருநை. காமராஜர் முதல்வராக இருந்தபோது 1957-ல் கட்டி முடித்த அணை, அடிவாரத்தில் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அணையின் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் எங்கள் கண்ணாடியில் அடித்த மழையில் ஒரு பங்கு இங்கே வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் முதலைப் பண்ணை. சதுப்பு முதலைகள் வாயைப் பிளந்து வெயில் காய்ந்துகொண்டு அசையாமல் கிடந்தன. அணைக்கு எதிரே மசாலா தடவி வறுக்கும் மீன் கடைகள். சாப்பிடாமல் வராதீர்கள்.

உடுமலையில் மதியச் சாப்பாடு அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கக் கத்தரிக்காய்ப் பொரியல். அதை விவரிக்க ஆரம்பித்தால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

இனிமேல்தான் காற்று.

ஊரைத் தாண்டிப் பூளவாடிச் சாலையில் ஒரு இளநீர்க் கடை ஓரம் நிறுத்திக் கதவைத் திறந்தேன். கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது! வேட்டியை இறுக்கிப் பிடித்தால் துண்டு பறக்கிறது, துண்டைப் பிடித்தால் வேட்டி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் நிச்சயம் இந்தப் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். தென்னை மட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் கிழக்கே பார்த்து நீண்டுகிடந்தது. முட்டளவு வளர்ந்த மக்காச்சோளம் காடு முழுக்கப் படுத்துப் படுத்து எழுந்தது. தலைக்கு மேலே வானம் கழுவிவிட்ட நீலம், வெள்ளை மேகங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கிழக்கே ஓடுகின்றன. வெயிலும் உண்டு, ஆனால் சுடவே சுடாது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மலையில் ஏற வழியில்லாத காற்றெல்லாம் அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் காடுகளின் மேல் தறிகெட்டு ஓடுகிறது. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை ஓயாது. அதை நம்பித்தான் இத்தனை காற்றாலைகள். ஊரில் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் இந்தக் காடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இரும்புக் கம்பிக் கோபுரத்தில் நிற்கும் பழைய குட்டைக் காத்தாடி வேகவேகமாகச் சுற்றும். புது உருளைக்கோபுரக் காத்தாடி ஏதோ யோசனையில் இருப்பவர் மாதிரி நிதானமாகச் சுற்றும். அந்த நிதானத்தை நம்பாதீர்கள். இறக்கையின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அடியில் போய் நின்றேன். இறக்கையின் நிழல் சோளத்தட்டின் மேல் ஓடிவந்து, என் மேல் ஏறி, அடுத்த வேலியைத் தாண்டிப் போனது. "ஊவ்... ஊவ்..." என்று ஒரு சத்தம். நிழலைச் சட்டை செய்யாமல் வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காத்தாடி பிடித்துக்கொள்ளும் இடம் கொஞ்சம்தான், சுற்றிலும் வெள்ளாமை அதன்பாட்டுக்கு நடக்கிறது. மின்சாரமும் சோளமும் ஒரே காட்டில்! பூளவாடி என்றதும் ஒன்று: உடுமலை நாராயண கவி பிறந்த மண் இது. இந்தக் காற்றில் வளர்ந்தவருக்குப் பாட்டு வராமல் எப்படி இருக்கும்?

வாய்க்கால் கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் நின்றார். "எங்கிருந்துங் தம்பி வர்றீங்க?"

"மூணாறுங்க ஐயா."

"மேல மழைங்களா?"

"விடாமப் பெய்யுதுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியுமுங்க. காத்து இந்த அடி அடிக்குதுன்னா மேல கொட்டுதுன்னு அர்த்தமுங்க. இங்க ஒரு சொட்டு விழுகாது. ஆனா இந்தக் காத்து இல்லீன்னா அணைக்குத் தண்ணி இல்லீங்க. அணைக்குத் தண்ணி இல்லீன்னா இந்த வாய்க்கால்ல ஏதுங்க தண்ணி? கண்ணுல மண்ணு விழுந்தாலும் பரவால்ல, அடிக்கட்டுமுங்க."

நாள் முழுக்க நாங்கள் பார்த்து வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்! அவர் நின்றது பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்து வாய்க்கால். மலைக்குள் அடுக்கடுக்காக அணை கட்டி, சுரங்கம் குடைந்து, மேற்கே ஓட இருந்த நீரைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவரும் திட்டம். பாசனப் பரப்பு 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் விட நீர் போதாது என்பதால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். "எங்க மண்டலத்துக்கு முறை வர ரெண்டு வருசமாகுமுங்க" என்றார் பெரியவர். இந்தப் பொறுமையின் மேல்தான் தென்னையும் மக்காச்சோளமும் பட்டுப்புழுவுக்கு மல்பெரியும் நிற்கின்றன.

குண்டடம் தாண்டினால் வாய்க்கால் பச்சை குறைந்து மானாவாரிச் செம்மண். சின்ன வெங்காயக் காடு, முருங்கைக் காடு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக் களை வெட்டும் பெண்கள். பிறகு மெல்ல மெல்ல ஆரம்பிக்கிறது கொறங்காடு. இந்தப் பயணத்தில் எனக்கு எது உச்சம் என்று கேட்டால் ஆனைமுடியைச் சொல்ல மாட்டேன். கொறங்காட்டைத்தான் சொல்வேன்.

வருடா வருடம் உழுது விதைக்காத மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி. கிளுவைக் குச்சியை ஒடித்து வரிசையாக நட்டால் போதும், துளிர்த்துத் தானே உயிர்வேலியாகிவிடும். ஆடும் தாண்டாது, மாடும் தாண்டாது. ஒரு ஓரத்தில் படல். உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். எத்தனை வறட்சி வந்தாலும் அந்தப் புல்லின் வேர் சாகாது. நாலு தூறல் விழுந்தால் தலை நீட்டிவிடும். புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனி. தின்ற ஆட்டின் புழுக்கையிலேயே விதை போய் அடுத்த மரம். உரம் இல்லை, மருந்து இல்லை, மேய்ப்பவர் கூடவே திரிய வேண்டிய அவசியமும் இல்லை. மழை குறைந்த மண்ணில் எப்படிப் பிழைப்பது என்று தலைமுறை தலைமுறையாக யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு!

காங்கேயம் மாடு உருவானது இந்தக் காட்டில்தான். ஒரு படலருகே நின்றோம். சாம்பல் வெள்ளையில் ஒரு மாடு, நிமிர்ந்து உள்வளைந்த கொம்பு, சின்னக் காது, கரிய பெரிய கண். பக்கத்தில் அதன் கன்று செக்கச்சிவப்பு! வேறு மாட்டின் கன்றோ என்று நினைத்துவிடாதீர்கள். காங்கேயக் கன்று பிறக்கும்போது சிவப்பு. ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். காளையானால் திமிலும் கழுத்தும் கறுத்து இறுகும். கன்று வேலியருகே வந்து என் கையை நக்கியது. மணல் காகிதம் போலச் சொரசொரப்பான நாக்கு. காற்று அதன் காதை மடக்கி மடக்கி விட்டது. அங்கிருந்து கிளம்ப எனக்கு மனமே வரவில்லை.

ஊதியூர் மலையை வலம் வருவதுபோல் சுற்றிக் காங்கேயம். தேங்காய்க் களங்களில் பருப்பு காயவைத்திருக்கும் வாசம் ஊர் எல்லையிலேயே வந்துவிடும். கடைசியாகச் சிவன்மலை. கனவில் முருகன் கேட்கும் பொருளை, பக்தர் சொல்லிப் பூப்போட்டு உத்தரவு கேட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இந்தக் கோயிலில்தான். மேலே நின்று பார்த்தால் மேற்கே கண்ணுக்கு எட்டியவரை காத்தாடிகள். அங்கேயும் காற்று விடவில்லை; விபூதியை நெற்றியில் வைப்பதற்குள் பாதி பறந்துவிட்டது.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. மூணாறில் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலையோடு விளையாட வேண்டாம். மறையூரில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மதியத்துக்கு முன்பே காட்டைக் கடந்துவிடுங்கள். குண்டடத்துக்கு அப்பால் கொறங்காடு தெரிந்ததும் வண்டியை நிறுத்தி இறங்குங்கள், ஆனால் கேட்காமல் படலைத் திறக்காதீர்கள். ஆவணி வரை காற்று இருக்கும். புரட்டாசி பிறந்தால் காத்தாடிகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும், பிறகு அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டும். அதனால் இந்த ஆடியிலேயே போய் வந்துவிடுங்கள்.